காட்சியும் நற்காட்சியும்

மதுரை மாவட்டத்தில் மேலூரை அடுத்து அரிட்டாபட்டி என்னும் சிற்றூர் உள்ளது. ஊரைச் சூழ்ந்து குன்றுகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் இயற்கையாக அமைந்த குகைத்தளம் ஒன்றும், அதன் நெற்றியில் தமிழ் பிராமி எழுத்துக்களும், துறவியர் தங்கிய கற்படுக்கைகளும், தீர்த்தங்கரர் ஒருவரின் புடைப்புச் சிற்பமும் காணப்படுகின்றன. அதே குன்றுத் தொடரின் மற்றொரு பக்கத்தில் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் ஒன்றும் உண்டு.

இக்குன்றைப் பலர் பலவாறு கண்டனர். கனிமம் ஆய்வோர் அதனைச் சூழ்ந்த நிலப்பரப்பில் டங்ஸ்டன் என்னும் உலோகத்தைக் கண்டனர். பறவை ஆய்வோர் வல்லூறும் கழுகும் கூடு கட்டும் உறைவிடத்தைக் கண்டனர். உழவர் தம் கண்மாய்களுக்கு நீர் தரும் சுனைகளையும் ஆடு மாடுகளின் மேய்ச்சல் நிலத்தையும் கண்டனர். சைவ அன்பர் சிவபெருமானைக் கண்டனர். கல்வெட்டு ஆய்வோர் தமிழின் தொன்மையைக் கண்டனர். நம்மவர் தவமுனிவர் தங்கிய பள்ளியைக் கண்டனர். 2022 நவம்பரில் அரசு அங்கு ஏறத்தாழ 193 எக்டேர் பரப்பைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய ஏறத்தாழ 2,000 எக்டேர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்திற்கென ஏலம் போயிற்று என்னும் செய்தி வந்தது. மக்கள் திரண்டு எழுந்தனர். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அவ்வேலத்தை ரத்து செய்தது.

குன்று ஒன்றே. காட்சிகள் மட்டும் பல. காண்போர் எல்லாருக்கும் கண்கள் இரண்டே. ஆயினும் ஒருவர் கண்டதை மற்றவர் காணாமைக்குக் காரணம் யாது? இவ்வினாவை ஜின ஆகமம் எவ்வாறு ஆராய்கிறது என்பதையே இப்பாடத்தில் காண்போம்.

பஞ்சபாண்டவர் படுக்கை

தமிழகத்துக் குன்றுகள் பலவற்றில் ஏறி, அங்குள்ள கற்படுக்கைகளைப் பற்றி ஊராரை வினவினால், "பஞ்சபாண்டவர் படுக்கை" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். ஆர்க்காட்டுக்கு அருகில் ஜின உருவங்கள் செதுக்கப்பட்டுள்ள மலைக்கே பஞ்சபாண்டவர் மலை என்னும் பெயர் வழங்குகிறது. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலையில் ஒரு குகைக்குச் செட்டிப்புடவு என்று பெயர். அங்கு வீற்றிருக்கும் தீர்த்தங்கரரின் நீண்ட செவிகளைக் கண்ட மக்கள், அவரை ஒரு செட்டியார் என்று கருதியதால் அப்பெயர் உண்டாயிற்று என்பர்.

இதனை அறியாமை என்று கூறி நகைத்துவிடுதல் எளிது. ஆனால் ஆழ்ந்து நோக்குங்கள். ஊரார் பொய் கூறவில்லை, கண்டதையே கூறினர். மலைக்குகையில் வரிசையாகப் படுக்கைகள் கிடக்கின்றன. தலையணை போல ஒரு புறம் உயர்ந்துள்ளன. காட்டில் தங்கியவர் யார்? தெருக்கூத்திலும் பாரதக் கதைப் படிப்பிலும் அவர்கள் கேட்டு வளர்ந்தது பாண்டவர் வனவாசம். எனவே படுக்கையைக் கண்ட கண்ணுக்குப் பின்னால் கதை கேட்ட செவி நின்று விடை சொல்லிற்று. நாம் சிறு வயதில் முனிவர் சரிதங்களைக் கேட்டு வளர்ந்தோம். ஆதலின் நமக்கு முனிவர் தோன்றினர்.

அறிவு பிறக்கும் நான்கு படிகள்

ஆசாரியர் உமாஸ்வாமி அருளிய தத்வார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயம், பொறிகளாலும் மனத்தாலும் உண்டாகும் அறிவை மதிஞானம் என்று பெயரிட்டு, அது நான்கு படிகளில் நிகழ்வதாக விளக்குகிறது. அவை அவக்கிரகம், ஈஹை, அவாயம், தாரணை என்பன.

அந்தி வேளையில் குன்றின் மேல் ஒருவர் ஏறுகிறார் எனக் கொள்வோம். பாறையில் ஏதோ ஒரு பள்ளம் தெரிகிறது. "ஏதோ ஒன்று உளது" என்னும் இம்முதற் பற்றுகையே அவக்கிரகம். "இது மழைநீர் அரித்த பள்ளமோ? உளியால் வெட்டியதோ?" என்று மனம் ஆராய முற்படுதல் ஈஹை. உளியின் தழும்பையும் தலைப்பக்கத்து மேட்டையும் கண்டு, "இது வெட்டப்பட்ட படுக்கையே" என்று துணிதல் அவாயம். அத்துணிபு நெஞ்சில் பதிந்து, பின்னர் நினைவுக்கு வரும் வண்ணம் நிலைத்தல் தாரணை.

இந்நான்கும் நேர்கோட்டில் நின்றுவிடுவதில்லை. நேற்றைய தாரணையே இன்றைய ஈஹைக்கு வழிகாட்டியாகிறது. ஆராயும் மனம் முன்பு சேர்த்து வைத்த பதிவுகளைக் கொண்டே ஆராய்கிறது. பிறந்த ஊர், பேசும் மொழி, கேட்ட கதை, பட்ட அனுபவம் ஆகிய யாவும் அச்சேமிப்பில் அடங்கும். பழக்கம் முதிர முதிர ஈஹை சுருங்கிவிடுகிறது. கண்டவுடன் துணிந்துவிடுகிறோம், ஆராய்ந்தோம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

இக்காலத்து ஆய்வுகள் சிலவும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கன. ஆங்கிலம் பேசும் இல்லங்களில் வளரும் பச்சிளங் குழந்தைகள், இந்தி மொழியின் பல்லொலித் தகரத்தையும் நாமடி டகரத்தையும் ஆறு முதல் எட்டு மாத வயதில் வேறுபடுத்தி உணர்கின்றன என்றும், ஓராண்டு நிறைவதற்குள் அத்திறன் பெரும்பாலும் மங்கிவிடுகிறது என்றும் 1984 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. செவி கெடவில்லை. வீட்டு மொழிக்கு வேண்டாத வேறுபாட்டை மனம் விட்டுவிட்டது. நம் குழந்தைகளுக்கு "பத்து" என்பதும் "பட்டு" என்பதும் வெவ்வேறு. அவ்வாறு கேட்டுப் பழகாத செவிக்கு அவை ஒன்று போலவே ஒலிக்கக்கூடும்.

பிறவியிலேயே பார்வை இழந்து, பின்னர் அறுவை மருத்துவத்தால் பார்வை பெற்ற நம் நாட்டுச் சிறுவர்களைக் கொண்டு செய்த ஆய்வு 2011 இல் வெளியாயிற்று. கையால் தொட்டு அறிந்த பொருளைப் பார்வை பெற்ற உடனே கண்ணால் இனங்காண அவர்களால் இயலவில்லை. சில நாள் பழகிய பின்னரே அது கைகூடிற்று. கண் திறந்தால் போதாது, காணவும் பயில வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மறைப்பும் மயக்கமும்

நம் அறிவின் குறைபாட்டிற்கு ஆகமம் இரு வேறு காரணங்களைக் கூறுகிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளலாகாது.

முதலாவது ஞானாவரணீயம். இது மறைப்பு. விளக்கின் மேல் போர்த்த துணியைப் போல அறிவின் அளவைக் குறைக்கும். துணி விலகும் அளவிற்கு ஒளி வெளிப்படும். இரண்டாவது தரிசன மோகனீயம். இது மயக்கம். இது அளவைக் குறைப்பதன்று, தன்மையையே திரிப்பது. காய்ச்சல் கண்டவனுக்கு இனிய சாறும் சுவைப்பதில்லை என்னும் உவமையை ஆசாரியர் நேமிச்சந்திர சித்தாந்த சக்கரவர்த்தி கோம்மடசாரத்தில் எடுத்தாள்கிறார். சாற்றில் குறையில்லை, நாவும் அற்றுப்போகவில்லை, நோய் சுவையைத் திரித்துவிட்டது. ஆசாரியர் பூஜ்யபாதர், மயக்கந்தரும் வரகைக் கழுவக் கழுவ அதன் மயக்கும் ஆற்றல் குறைவதை மோகனீயத்தின் ஒரு நிலைக்கு உவமையாக்குகிறார். வரகுச் சோறு சில வேளை தலைசுற்றலை உண்டாக்கும் என்பதை நம் ஊர் உழவர் நன்கு அறிவர்.

இவ்வேறுபாட்டின் பயன் பெரிது. ஒருவர் நம்மோடு மாறுபடும்போது "அவருக்கு அறிவில்லை" என்கிறோம். பலமுறை அவருக்கு அறிவு நம்மினும் மிகுதியாகவே இருக்கும். குறை செய்தியில் இல்லை. பற்றிலும் வெறுப்பிலும் இருக்கிறது. மேலும், செய்தி சரியாக அமைந்துவிட்டாலே அது நன்ஞானம் ஆகிவிடாது. பித்தன் ஒருவன் தாயை மனைவி என்றும் மனைவியைத் தாய் என்றும் பிதற்றுவான். சில வேளை தாயைத் தாய் என்றே கூறிவிடுவான். அப்பொழுதும் அவன் தெளிந்தவன் ஆகான் என்று பூஜ்யபாதர் விளக்குவார். மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் தெளிவின்றித் தற்செயலாகச் சரியானது கூறுதல் சிறப்பன்று.

பிறவியில் வந்ததும் பிறரிடம் பெற்றதும்

திரிபுக் காட்சியாகிய மித்யாத்துவத்தை ஆசாரியர் இருவகையாகப் பகுத்துள்ளனர். யாரும் கற்பிக்காமலே உயிரோடு ஒட்டி வருவது ஒன்று, இது அக்கிரகீதம். பிறர் உபதேசத்தால் பற்றிக்கொள்வது மற்றொன்று, இது கிரகீதம். உடம்பையே தான் என்று கருதும் மயக்கம் முதல் வகை. அதனை எந்தப் பள்ளியிலும் கற்பதில்லை. குலப்பெருமை, தவறான கொள்கை, ஆராயாத நம்பிக்கை ஆகியன இரண்டாம் வகை. இக்காலத்தார் பண்பாட்டுத் தாக்கம் என்று கூறுவதன் பெரும்பகுதி இதனுள் அடங்கும்.

மேலே கூறியவாறு பார்வை பெற்ற சிறுவர்களிடம் 2015 இல் வெளியான மற்றோர் ஆய்வு, சம நீளமுள்ள கோடுகள் அவற்றின் முனைக்குறிகளால் நீண்டும் குறுகியும் தோன்றும் மயக்கம், அவர்கள் பார்வை பெற்ற உடனேயே நிகழ்வதைக் கண்டது. பழகிப் பெறும் காட்சியும் உண்டு. பழகாமலே வரும் மயக்கமும் உண்டு. விழியின் மயக்கமும் உயிரின் மயக்கமும் ஒன்றல்ல. ஒப்புமை கருதியே இங்குக் கூறினோம். எல்லாப் பிழையையும் சமுதாயத்தின் மேல் சுமத்திவிட இயலாது என்னும் அளவிற்கு இது நமக்குத் துணையாகும்.

கற்றோர் கண்ணிலும் திரை

ஊராரிடம் மட்டுமா இப்பிழை? மதுரைக்கு அருகில் மாங்குளம் மலைக்குகைக் கல்வெட்டுக்களை 1882 இல் இராபர்ட் சுவெல் கண்டறிந்தார். அதன்பின் பல்லாண்டுகள் அறிஞர்கள் அவ்வெழுத்துக்களை நோக்கினர். பிராமி எழுத்தென்றால் மொழி பிராகிருதம் அல்லது பாலியாகவே இருக்க வேண்டும் என்னும் முற்கோள் அவர்கள் நெஞ்சில் இருந்தது. அதனால் எழுத்துக்கள் புலப்பட்டும் பொருள் புலப்படவில்லை. 1924 இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், தமிழுக்கே உரிய ழ, ள, ற, ன ஆகியவற்றின் வடிவங்கள் அங்கிருப்பதையும், வடமொழிக்குரிய ஒலிப்புடை மெய்கள் இல்லாமையையும் சுட்டிக்காட்டி, மொழி தமிழே என்று நிறுவினார். கல் மாறவில்லை, காண்பவர் கொண்டிருந்த முற்கோள் மாறியது. நெடுஞ்செழியன் காலத்தில் கணி நந்தன் என்னும் துறவிக்குச் செய்துகொடுத்த தங்குமிடம் அது என்பது உலகுக்குத் தெரியவந்தது.

ஐரோப்பிய அறிஞர் பலர் நம் அறத்தைப் பௌத்தத்தின் கிளை என்றே நெடுங்காலம் எழுதிவந்தனர். இரண்டும் வேறு வேறு என்பதை 1879 இல் ஹெர்மன் யாகோபி தம் கல்ப சூத்திரப் பதிப்பின் முன்னுரையில் சான்றுடன் நிறுவினார். நூல்கள் முன்பும் இருந்தன. ஒப்பிட்டு ஆராயும் ஈஹையே தேவைப்பட்டது.

ஏழு நயங்கள்

பொருளை முழுமையாக அறிதல் பிரமாணம்; ஒரு கோணத்தில் நின்று அறிதல் நயம். நயங்கள் ஏழு. அவற்றை நம் கற்படுக்கையிலேயே பொருத்திக் காண்போம்.

முடிவான கருத்தை மனத்திற்கொண்டு தொடக்கத்தையே அப்பெயரால் கூறுவது நைகமம். சமையலுக்கு விறகு பொறுக்குபவன் "சோறு ஆக்குகிறேன்" என்பது போல, முதல் உளி பட்டபோதே சிற்பி "படுக்கை செய்கிறேன்" என்பான். வேறுபாடு நோக்காது பொதுமையைக் காண்பது சங்கிரகம். அதற்குப் படுக்கையும் குன்றும் கல்லே. பொதுமையைப் பகுத்துப் பயன் நோக்குவது வியவகாரம்; இது சுண்ணக்கல், இது கருங்கல், இது கனிமம் என்று பிரிக்கும். இக்கணத்து நிலையை மட்டும் கொள்வது ரிஜுசூத்திரம். அதற்கு இன்று முட்செடி மண்டிய பாறையே உண்டு, அன்றைய முனிவர் இல்லை.

எஞ்சிய மூன்றும் சொல்லைப் பற்றியன. சொல்லின் பால், எண், காலம் ஆகியவற்றால் பொருள் வேறுபடுவதை நோக்குவது சப்தம். ஒரு பொருட்சொற்களாயினும் பகுதிக்கேற்ப வேறு பொருளுண்டு என்பது சமபிரூடம். "படுக்கை" எனின் படுத்தற்குரியது, "பாழி" எனின் குகை, "பள்ளி" எனின் துறவியர் உறையும் அறநிலை என்று அது வேறுபடுத்தும். அப்பள்ளி என்னும் சொல்லே இன்று கல்விச்சாலையைக் குறிக்க வழங்குவதை நாம் அறிவோம். அச்செயல் நிகழும்போது மட்டுமே அப்பெயர் பொருந்தும் என்பது ஏவம்பூதம். அதன்படி முனிவர் துயிலும்போதே அது படுக்கை. நெடுங்காலமாக வெறுமையாய்க் கிடக்கும் அதனைப் படுக்கை என்பதே பொருந்தாது.

இவ்வேழில் எது பொய்? எதுவுமில்லை. எது முழுமை? அதுவும் எதுவுமில்லை. தன் கோணத்தைக் கூறிப் பிற கோணங்களை மறுக்காதிருக்கும் வரை அது நயம். "இதுவே உண்மை, மற்றவை இல்லை" என்று அடம் பிடிக்கும் கணமே அது துர்நயம் ஆகிறது. குன்றில் கனிமம் உண்டு என்பவர் கூற்று நயம். கனிமமன்றி அங்கு வேறொன்றும் இல்லை என்று கணக்கிட்டால் அது துர்நயம். அதனால் சுனைகளும் பறவைகளும் கல்வெட்டும் கணக்கில் வாராமல் போகும்.

எல்லாம் மெய் என்பதன்று

அநேகாந்தம் என்றவுடன், "யார் சொல்வதும் சரியே" என்னும் தளர்ந்த கொள்கை என்று சிலர் கருதுகின்றனர். இது பெரும் பிழை. யானையைத் தடவிய குருடர் கதையில், காலைத் தடவித் தூண் என்றவர் கூற்றில் ஒரு பகுதி உண்மை உண்டு. ஆனால் யானையே இல்லாத இடத்தில் தூண் என்றால் அது வெறும் பொய். மேலும், அக்கதைக்குப் பொருள் உண்டாவது முழு யானையையும் காணும் கண்ணுடையார் ஒருவர் உண்டு என்பதால்தான். முழுதுணர்ந்த கேவலஞானியின் காட்சியை முடிவாக வைத்தே நம் பகுதிக் காட்சிகள் அளக்கப்படுகின்றன.

எனவே பாண்டவர் அங்குப் படுத்தனர் என்பது வரலாற்று வகையால் மெய்யன்று. அதனை மெய்யென ஒப்புக்கொள்ளுதல் அநேகாந்தம் ஆகாது. ஆனால் இடம் புனிதமானது, அங்குத் துறந்தோர் தங்கினர் என்னும் ஊராரின் உணர்வு ஒருவகையால் மெய்யே. இவ்வளவில் உண்டு, இவ்வளவில் இல்லை என்று எல்லையிட்டுக் கூறுவதே "ஸியாத்" என்னும் சொல்லின் பணி. அது ஐயத்தைக் குறிப்பதன்று, வரையறையைக் குறிப்பது.

இவ்வளவுகோலை நமக்கும் பொருத்துதல் வேண்டும். குகைத்தளங்களுள் சில ஆசீவகர்க்கு உரியன என்று கூறும் ஆய்வாளர் உளர். அதனைக் கேட்டவுடன் நம் முகம் சிவக்கிறது. சான்று யாது என்று வினவுவதற்கு முன்னரே "இல்லை" என்று துணிந்துவிடுகிறோம். ஈஹையின்றி அவாயம் நிகழ்கிறது. பாண்டவர் படுக்கை என்ற ஊராருக்கும் நமக்கும் அவ்விடத்தில் வேறுபாடு யாது? சான்று நம் பக்கம் நின்றால் அது தானே பேசும். நில்லாதாயின் நம் அன்பு அதனை மாற்றிவிடாது.

மற்றொன்றையும் மனம் திறந்து கூறவேண்டும். தீர்த்தங்கரர் திருவுருவுக்கு வேறு பெயரிட்டு, எண்ணெய் சாற்றி, விளக்கேற்றி வழிபடும் சிற்றூர்கள் உண்டு. பெயர் பிழை, வழிபாட்டு முறையும் பிழை. ஆயினும் அவ்வழிபாடே அவ்வுருவைக் கல்லுடைப்பாரிடமிருந்து காத்தது. சரியான பெயரை அறிந்த நாம் அம்மலைக்கு எத்தனை முறை சென்றோம்? அரிட்டாபட்டிக் குன்றுக்காக 2024 இலும் 2025 இலும் வெயிலில் நடந்த உழவருள் மிகப் பெரும்பாலோர் ஜினரை வணங்குபவர் அல்லர். அவர்கள் தம் சுனையைக் காத்தனர். அதனோடு நம் பள்ளியும் காக்கப்பட்டது. பிறர் காட்சியை மதிக்க இதனினும் சான்று வேண்டுமோ?

நம்மைப் பிறர் காணுதல்

தமிழ் மண்ணில் சமணம் என்றால் பலர் "முன்பு இருந்தது" என்றே இறந்த காலத்தில் பேசுகின்றனர். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஜினாலய மணி ஒலிக்கும் சிற்றூர்கள் இன்றும் உள்ளன. மேல்சித்தாமூரில் மடம் உள்ளது. பொன்னூர் மலையில் ஆசாரியர் குந்தகுந்தரின் திருவடியை வணங்கச் செல்வோர் உளர். இருந்தும், ஏர் உழும் தமிழ்ச் சமணர் ஒருவர் தம்மைச் சமணர் என்று கூறினால், "நீங்கள் வடநாட்டிலிருந்து வந்தவரா?" என்னும் வினா எழுகிறது. வினவுபவர் மேல் சினம் வேண்டா. அவர் நெஞ்சில் பதிந்த தாரணை அது. சினந்தால் அது மாறாது. அழைத்து வந்து காட்டினால் மாறும்.

இதனினும் கவலைக்குரியது, நம் இளைஞரும் பிறர் கண்ணாலேயே தம்மைக் காணத் தொடங்குவது. வகுப்பில் படித்த இறந்த காலம் வீட்டிலும் நுழைந்துவிடுகிறது. விழா நாளில் மட்டும் ஜினாலயம் செல்வோர்க்குச் சமணம் மெல்ல ஒரு நினைவுச் சின்னமாகிறது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிள்ளைகளை அழைத்துச் சென்று ஒரு குகைத்தளத்தைக் காட்டி, இந்நான்கு படிகளையும் அங்கேயே சொல்லிக் கொடுத்தல் பெற்றோர் கடன்.

பயிற்சி

நற்காட்சி என்பது ஒரே நாளில் எய்துவதன்று. ஆயினும் சிராவகர் நாள்தோறும் மேற்கொள்ளத்தக்க மூன்று பயிற்சிகள் உண்டு. முதலாவது, கண்டதற்கும் துணிந்ததற்கும் இடையே ஈஹையைச் சற்று நீட்டுதல். மருமகளின் மௌனத்தைச் செருக்கென்று துணியுமுன் களைப்போ என்று ஒருகணம் ஆராய்ந்தால், பல இல்லங்களில் பூசல் இராது. இரண்டாவது, தீர்ப்புரைக்கும்போது எவ்வகையால் என்று எல்லையிட்டுக் கூறுதல். மூன்றாவது, மாற்றார் கருத்தை அவரே ஒப்பும்படி முதலில் எடுத்துரைத்தல். நீலகேசி ஆசிரியர் பௌத்தம், ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம் முதலிய சமயங்களின் கொள்கைகளை முன்வைத்த பின்னரே வாதிடுகிறார். எதிரியின் கூற்றை அறியாதார்க்கு மறுக்கும் உரிமை இல்லை என்பது நம் முன்னோர் கண்ட நெறி.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. மதிஞானத்தின் நான்கு படிகளை, அண்மையில் உங்களுக்கு நேர்ந்த ஒரு தவறான துணிபில் பொருத்திக் காட்டுக. எப்படியில் பிழை நுழைந்தது?
2. ஞானாவரணீயத்திற்கும் தரிசன மோகனீயத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உவமையால் விளக்குக.
3. நயம், துர்நயம், பொய் ஆகிய மூன்றையும் வேறுபடுத்துக.
4. நீங்கள் பிறரிடமிருந்து பெற்று, இதுவரை ஆராயாமல் வைத்திருக்கும் கருத்து ஒன்றை எழுதிப் பார்க்க.

நான்காம் வினாவுக்கு உரிய விடையைப் பிறருக்குக் காட்ட வேண்டுவதில்லை. அதனை எழுத முடிந்தவர், கிரகீத மித்யாத்துவத்தின் முடிச்சு ஒன்றைத் தாமே தொட்டுப் பார்த்தவர் ஆவார்.

வளர்க அருகன் அறம்! வாழ்க எவ்வுயிரும்!